சிம்னிக்கு வைத்த பொட்டு

திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஐந்தாவது மாடியில், பதினோரு பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

மீட்டிங் ஹாலில் வீடியோவில் முக்கியமான பேச்சு நடந்துகொண்டிருந்தது. திரையில் தெரிந்த வெளிநாட்டுக்காரர்கள் மூவரும் முதலில் சிரித்தார்கள். பிறகு பதினோரு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் தலையை விட்டதைப் பார்த்ததும் முகம் வெளுத்து, தீப்பிடித்துவிட்டதா, எல்லோரும் உடனே வெளியே ஓடுங்கள் என்று அங்கிருந்தே கத்த ஆரம்பித்தார்கள்.

தீயெல்லாம் இல்லை. அதே மாடியின் மறுகோடியில், கேன்டீன் சமையற்கட்டில், செங்கல்வராயன் மாஸ்டர் நானூறு பேருக்கான வத்தக்குழம்புக்குத் தாளித்திருந்தார். அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் அட்மின் மேனேஜர் ரேணுகா வந்தாள். செங்கல்பட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், நோட்டில் எழுதுவாள். இப்போது நோட்டோடு வந்திருந்தாள்.

"மாஸ்டர், இனிமே தாளிப்பு கிடையாது."

"இன்னாது?"

"தாளிப்பு. சிம்னி புகையை இழுக்கல. அது சரியாகற வரைக்கும் தாளிக்கக் கூடாது. மேல இருந்து சொல்லிட்டாங்க."

செங்கல்வராயன் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். திருப்போரூர் பக்கம் மானாம்பதிக்காரர். இந்தக் கேன்டீன் திறந்த நாளிலிருந்து, பன்னிரண்டு வருஷமாக, இதே அடுப்பின் முன் நிற்கிறார். "மேடம், தாளிக்காத சாம்பாருக்கு பேரு சாம்பார் இல்ல மேடம். வெந்த பருப்பு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள புது சிம்னி வரலைன்னா திங்கட்கிழமைலேர்ந்து வெளியில சமைச்ச டப்பா சாப்பாடு. அடுப்பை எடுத்துட்டு நாலு மைக்ரோவேவ் வெச்சுடலாம்னு பேசிக்கிறாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது மாஸ்டர், கவலைப்படாதீங்க. நீங்க சூடு பண்ணிக் குடுத்தா போதும்."

வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் மாஸ்டருக்குக் காலடியில் தரை ஒரு அங்குலம் கீழே இறங்கியது போல இருந்தது. பட்டனை அமுக்குவதற்கா முப்பது வருஷம் கரண்டி பிடித்தார்?

காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, மேடத்தின் செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்து சொன்னாள்: "நான்தான் அப்பவே சொன்னனே அண்ணாத்த. அது சிம்னி இல்ல, மாமியாரு. நாள் பூரா கத்திகினே கீது. ஒரு வேலையும் நடக்கல."

அடுப்புகளின் தலைக்கு மேல், சுவரோடு சுவராகத் தொங்கிய அந்தப் பழைய தகரக் கூடாரம், அதைக் கேட்டும் கேட்காதது போல உறுமிக்கொண்டிருந்தது. சென்ற மாதம் வரைக்கும் அதன் குட்டு வெளிப்படவில்லை. சமையற்கட்டின் பெரிய ஜன்னல் திறந்திருந்தது; புகை அப்படியே வெளியே போய்விட்டது. பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்ப ஆரம்பித்து, சிமெண்டுத் தூசி ரசத்தில் விழுந்ததும், ரேணுகா ஜன்னலை அடைக்கச் சொன்னாள். அதிலிருந்துதான் மொத்த மாடியும் என்ன குழம்பு என்று சாப்பாட்டு மணிக்கு முன்பே இருமித் தெரிந்துகொள்கிறது.

செவ்வாய்க்கிழமை தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம், தாளிக்காத பொரியல் பரிமாறப்பட்டன. சாப்பாடு எப்படி என்று பட்டனை அமுக்கிச் சொல்லும் கருவி ஒன்று கை கழுவுமிடத்தில் இருக்கிறது. அன்றைக்குச் சிவப்பு மூஞ்சிப் பட்டன் உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை. ஒரு பையன் தட்டைத் திருப்பி வைக்கும்போது, "மாஸ்டர், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

மாஸ்டர் சும்மா இருப்பாரா? புதன்கிழமை விடியற்காலை வீட்டிலேயே கடுகு, மிளகாய், பெருங்காயம் எல்லாம் தாளித்து ஒரு தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். தூக்கின் மூடி கொஞ்சம் லூஸ். கேளம்பாக்கம் வருவதற்குள் ஆட்டோவில் இருந்த எட்டுப் பேரும் தும்மித் தீர்த்து, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "பெர்சு, நீ எறங்கு. இல்ல அத்த எறக்கு" என்று விட்டார். தூக்கு இறங்கியது.

அன்று பத்து மணிக்குத் தௌசிஃப் வந்தான். புதுப்பட்டினத்தில் எக்ஸாஸ்ட், சிம்னி செய்து மாட்டும் பட்டறை வைத்திருக்கிறான். வயது இருபத்தெட்டு. சட்டையில் 'டி.பி. ஏர் சொல்யூஷன்ஸ்' என்று எழுதியிருந்தது. கையில் டேப் கிடையாது. சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் கருவி. வந்தவன் சிம்னியைக் கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தான். பல்லி விழுந்த பாலைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இன்னா மேடம் இது? யாரு செஞ்சது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றாள் ரேணுகா. "பழைய சாமான் மாத்தணும்னா கம்ப்யூட்டர்ல ஒரு ஃபாரம். யார் செஞ்சது, நம்பர் என்ன, குழாய் அளவு என்ன, எல்லாத்தையும் போடணும். ஒரு கட்டம் காலியா விட்டாலும் புது சிம்னி கேட்க முடியாது. தெரியாதுன்னு போட்டுப் பார்த்தேன். அதையும் எடுத்துக்கல."

"ஆபீஸ்ல பழைய லிஸ்ட் இருக்குமே?"

"இருக்கு." அவள் நோட்டைப் பிரித்துப் படித்தாள். "கிச்சன் சாமான், பெரிசு, ஒன்று."

தௌசிஃப் குழாய்க்குச் சிவப்புப் புள்ளி அடித்தான். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி அடித்தான். "பதினேழே முக்கால் இன்ச்! உலகத்துல எவனாவது பதினேழே முக்கால்ல குழாய் போடுவானா? பதினெட்டு போடு, இல்ல பதினாறு போடு. இத்த செஞ்சவன் கண்ண மூடிகினு ஷீட்டு வெட்டிக்கிறான் மேடம். இங்க பாருங்க, ரிவிட்டு வரிசையா கீதா? கோணலா போவுது. அந்தாளு கைல கெடச்சான்னா..."

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். பேர்த் தகடு எங்க இருக்கும்?"

"நடு நெத்தியில. எல்லாருமே அங்கதான் அடிப்போம்."

எல்லோரும் நடு நெற்றியைப் பார்த்தார்கள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு இருந்தது. சிவப்பும் மஞ்சளும் வெள்ளியுமாகக் காய்ந்துபோன மேடு.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மாஸ்டர் தன் கையாலேயே சிம்னிக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார். அடித்த ஈரம் காய்வதற்குள் நடுவில் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைப்பார். மறுவருஷம் அதன் மேலேயே பெயிண்ட், அதன் மேலேயே சந்தனம். நடுவில் பளபளவென்று தகடு இருந்ததால் அதுதான் நெற்றி என்று முதல் வருஷமே முடிவு செய்துவிட்டார். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க அப்போது யாருக்கும் அவசியம் வரவில்லை.

தௌசிஃப் பையிலிருந்து உளியை எடுத்தான். மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

"பாய், இன்னா பண்றே?"

"சொரண்டணும் மாஸ்டர்."

"நெத்தியில உளி வெக்கிறதா? பன்னெண்டு வருசம் எனக்கு சோறு போட்டது அது. வேற வழி பாரு."

"வேற இன்னா வழி கீது?"

மாஸ்டர் யோசித்தார். "இன்னிக்கு புதன்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டலாம்."

"மாமியாருக்கு புதன்கிழமையா?" என்றாள் சின்னப்பொண்ணு. "பொம்பளைக்கு செவ்வா, வெள்ளிதான அண்ணாத்த?"

"நீ வெங்காயத்த உரி."

ஸ்டூல் போட்டு ஏறி, காய்ச்சிய நல்லெண்ணெயைத் தடவினார். பத்து நிமிஷம் ஊறவிட்டு, சீயக்காய்த் தண்ணீரால் தேய்த்தார். சந்தனம் கட்டிகட்டியாக இறங்கியது. பெயிண்ட் மட்டும் அசையவில்லை. அதற்குத் தௌசிஃப் தின்னரும் பழந்துணியும் கொடுத்தான். தேய்க்கத் தேய்க்க, போன வருஷப் பூஜை போனது, அதற்கு முந்தைய வருஷம் போனது. மாஸ்டர் ஒவ்வொன்றையும் நிறம் பார்த்தே சொன்னார்: "இது நல்ல குங்குமம். இது ஆபீஸ்ல வாங்கிக் குடுத்தது, மட்டம்." பதினோராவது அடுக்குக்கு அடியில் பித்தளை மின்னியது.

ரேணுகா ஸ்டூலில் ஏறிக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "நம்பர் நாற்பத்தேழு. குழாய் பதினேழே முக்கால். செய்தவர்... ஹெச்.பி. ஒர்க்ஸ், புதுப்பட்டினம்." திரும்பினாள். "உங்க ஊராச்சே தம்பி! யார்னு தெரியுமா?"

தௌசிஃப் சிவப்புப் புள்ளி கருவியைப் பையில் போட்டு ஜிப்பை மூடினான். பிறகு திறந்தான். பிறகு மறுபடி மூடினான்.

"தெரியும்."

"யாரு?"

"எங்க அத்தா. ஹயாத் பாஷா."

சின்னப்பொண்ணு வெங்காயக் கூடையின் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள்.

வேறு வழியில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தாவைக் கூப்பிட்டான். "அத்தா, சிறுசேரில ஒரு பழைய சிம்னி..."

"அஞ்சாவது மாடியா?" என்றது போன். "நாப்பத்தேழாம் நம்பர். பதினேழே முக்கால். அன்னிக்கு ஷீட்டு கால் இன்ச் கொறைஞ்சுபோச்சு. மறுநாள் கேன்டீன் தொறக்கணும்னு கழுத்துல உக்காந்துகினாங்க. அப்பிடியே சுருட்டி ஏத்திட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

"பாய்!" என்று சின்னப்பொண்ணு தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "காலைலேர்ந்து உங்க புள்ள உங்களைத்தான் புகழ்ந்துகினு இருந்தாரு!"

"புகழ்ந்தானா? அவனா?" போன் சந்தேகப்பட்டது. "டேய், இன்னா சொன்ன?"

"அத்த வுடு அத்தா. சிம்னி இழுக்கல. மாத்தணும்."

"இழுக்காம எப்பிடிடா இருக்கும்? சத்தம் வருதா?"

"வருது."

"மொட்ட மாடிக்குப் போயி குழாய் வாயப் பாத்தியா?"

தௌசிஃப் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"பாக்கல. கீழ நின்னுகினு லைட்டு அடிச்சு வெளையாடிகினு கீற. மேல போய்ப் பாத்துட்டு எனக்குப் பேசு." போன் வைக்கப்பட்டுவிட்டது.

மொட்டை மாடிச் சாவி ரேணுகாவின் அலமாரியில் இருந்தது. அவளுக்கு அடுத்த மீட்டிங். சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினாள். மாஸ்டரும் தௌசிஃபும் ஏறினார்கள். சிரிப்பு இன்னும் பாக்கி இருந்ததால் சின்னப்பொண்ணும் பின்னாலேயே ஏறினாள்.

மாடியில் வெயில் கொளுத்தியது. தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. நடுவில் குழாய் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் வாயில் நீலத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, கழுத்தில் கயிறு கட்டியிருந்தது. பிசுக்கு ஊறி, வெயிலில் காய்ந்து, தார்ப்பாய் பலகை போல விறைத்திருந்தது.

"அடப்பாவி!" என்றான் தௌசிஃப். "எந்தப் புண்ணியவான் இந்த வேலை பார்த்தது?" முடிச்சைப் பிடித்து இழுத்தான். அவிழவில்லை. பல்லால்கூடக் கடித்துப் பார்த்தான். "இன்னா முடிச்சுப்பா இது?"

சின்னப்பொண்ணு கிட்டே வந்து பார்த்தாள். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியை உள்பக்கமாகத் திருகிச் செருகியது. சமையற்கட்டு ஊறுகாய் ஜாடிகளுக்கு மாஸ்டர் துணியால் வேடு கட்டும் முடிச்சு. அவரைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதோடு மல்லுக்கட்டி அவள் நகமே தேய்ந்திருந்தது.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மாஸ்டர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். போன கார்த்திகையில் அடித்த புயல் நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் லீவு விட்டு, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நாற்பது பேர் மட்டும் வந்திருந்த நாள். குழாய் வழியாக மழை கொட்டி, கொதிக்கிற சாம்பாரில் நேராக விழுந்தது. மாஸ்டர் செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி, நனைந்துகொண்டே ஏறி, தார்ப்பாயைக் கட்டிவிட்டு வந்தார். புயல் போனதும் அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. பத்து மாதமாகிறது.

கிட்டே போய், நுனியை வெளியே திருகி, ஒரே இழுப்பில் அவிழ்த்தார். தௌசிஃப் வாயைப் பிளந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

கீழே போய் சுவிட்சைப் போட்டார்கள். சிம்னி இழுத்த இழுப்பில், மேடை மேல் பொரித்து வைத்திருந்த அப்பளங்கள் நடுங்கின. மேலே இருந்தது ஒன்று எழுந்து பறந்து, சிம்னிக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

"இழுக்குது!" என்று மாஸ்டர் கத்தினார். "ஏய், இழுக்குதுடா!"

இரண்டே நிமிஷம். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். உறுமல் நின்றது. கருகல் நெடியோடு கொஞ்சம் புகை வந்து, ஒழுங்காகக் குழாய் வழியே மேலே போனது.

மறுபடி அத்தாவைக் கூப்பிட்டார்கள். "பத்து மாசம் வாயைக் கட்டிப்போட்டு அந்த சூட்டுலயே ஓட்டினா, மோட்டார் உள்ள எல்லாம் வெந்துபோயிருக்கும்," என்றார் ஹயாத் பாஷா. "இப்ப திடீர்னு தொறந்து வுட்டதும் முழு வேலையும் தலைல வுழுந்துது. தாங்கல. தகரமும் தேஞ்சிருக்கும். புதுசுதான். வெள்ளிக்கிழமை நானே எடுத்துகினு வரேன். மேடத்த ஃபாரம் போடச் சொல்லு."

மீட்டிங் முடிந்து வந்த ரேணுகா தன் அறையில், மற்ற மூவரும் சுற்றி நிற்க, ஃபாரம் போட உட்கார்ந்தாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"பழுதானதற்குக் காரணம்?"

"வயசாயிடுச்சுன்னு போடுங்க மேடம்," என்றான் தௌசிஃப் அவசரமாக. "பன்னெண்டு வருசம்."

சின்னப்பொண்ணும் வேகமாகத் தலையாட்டினாள். "வயசுதான் மேடம். முட்டிகூட வலிச்சிருக்கும்."

மாஸ்டருக்கு மட்டும் அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அடுப்பையே எடுத்துவிடலாம். சாமானைக் கெடுத்தவனுக்கு எதற்குப் புதுச் சாமான் என்று கேட்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் அந்தத் தகரத்தின் நெற்றியில் பொட்டு வைத்த கையாயிற்றே. அதன் மேலேயே பழியைப் போடுவதா?

"வயசு இல்ல மேடம். நான்தான்." புயலையும் சாம்பாரையும் முடிச்சையும் ஒன்று விடாமல் சொன்னார். "மைக்ரோவேவ்தான்னா மைக்ரோவேவ்தான். அது மேல பழி போடாதீங்க."

ரேணுகா நோட்டை எடுக்கவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தாள். மாதாமாதம் அட்மின் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் அது. ஃபாரத்தோடு அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிரித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் நின்றாள்.

'மாடியில் சிம்னிக் குழாய் வாய்: நேரில் பார்த்தேன், சரியாக உள்ளது.'

மார்கழி, தை, மாசி என்று பத்து மாதத்துக்கும் டிக். ஒவ்வொரு டிக்குக்குப் பக்கத்திலும் அழகான கையெழுத்து: ரேணுகா.

"மேடம்," என்றாள் சின்னப்பொண்ணு மெதுவாக, "நீங்க மாடிக்குப் போனப்ப அந்தத் தார்ப்பாய் நீலமா, பச்சையா?"

"சின்னப்பொண்ணு, வெங்காயம்," என்றார் மாஸ்டர்.

ரேணுகா உட்கார்ந்தாள். ஒரு வரி அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். திரையை மாஸ்டர் பக்கம் திருப்பினாள். 'புயலின்போது குழாய் வாய் மூடப்பட்டது. பிறகு திறக்கப்படவில்லை. மாதச் சோதனையிலும் கவனிக்கப்படவில்லை.' கீழே தன் பெயரைப் போட்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் இருக்கோம் மாஸ்டர். திட்டு வந்தா பாதி பாதி," என்றாள். "ஒண்ணாம் தேதிக்கு ஒண்ணாம் தேதி நாம ரெண்டு பேரும் சேர்ந்து மாடிக்குப் போறோம்."

திட்டு வந்தது. அதோடு சம்மதமும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை குட்டி யானை வண்டியில் புது சிம்னி வந்து இறங்கியது. கூடவே வெள்ளைத் தொப்பியோடு ஹயாத் பாஷாவும் இறங்கினார். மாமல்லபுரம் பைபாஸ் முழுக்க மகனைக் கேலி செய்துகொண்டே வந்திருப்பார் போல. தௌசிஃபின் காது சிவந்திருந்தது. குழாயின் அளவு அதே பதினேழே முக்கால்தான். "பழைய ஓட்டைல சொருகுச்சா இல்லியா? தளத்த ஒடைச்சியா? இல்லல்ல?" என்று ஒவ்வொரு ரிவிட்டுக்கும் கேட்டார்.

பதினொன்றே காலுக்கு மாஸ்டர் வாணலியை ஏற்றினார். ரேணுகா மூக்கில் கைக்குட்டையோடு பக்கத்திலேயே நின்றாள். மீட்டிங் ஹாலில் ஆட்கள் இருந்தார்கள். திரையில் அதே வெளிநாட்டுக்காரர்கள் மூவர். கடுகு வெடித்தது. வெந்தயம் சிவந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கை மிளகாயை அள்ளிப் போட்டார்.

புகை எழுந்தது. ஒரு நொடி யோசித்தது போல நின்றது. பிறகு மொத்தமாக மேலே போனது.

ரேணுகா கைக்குட்டையை எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஒன்றுமில்லை. மீட்டிங் ஹாலில் ஒருவரும் இருமவில்லை.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையில்லாமலே துடைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

"மாஸ்டர்!" தௌசிஃப் பாய்ந்து வந்தான். "தகட்டு மேல வேணாம்! உங்க கால்ல வேணாலும் வுழறேன்!"

"கத்தாதடா," என்றார் ஹயாத் பாஷா. "மாஸ்டர், கொஞ்சம் மேல பாருங்க."

பேர்த் தகட்டுக்கு நாலு விரல் மேலே இன்னொரு தகடு இருந்தது. வட்டமாக, பளபளவென்று, ஒரு எழுத்துகூட இல்லாமல்.

"அது உங்களுக்குத்தான். எத்தினி வருசம் வேணாலும் அப்பிகினே போங்க."

மாஸ்டர் சந்தனத்தைக் குழைத்து வைத்தார். நடுவில் குங்குமம் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

அப்போது அடைத்திருந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கட்டடத்தின் ஆறாவது மாடியிலிருந்து, கம்பி கட்டும் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இரும ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது:

"யோவ், இன்னிக்கு அங்க வத்தக்கொழம்புய்யா!"

"சின்னப்பொண்ணு," என்றார் மாஸ்டர், ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே. "ஒரு தூக்குல ஊத்தி அவங்களுக்குக் குடுத்துட்டு வா. மூடிய நல்லா இறுக்கிக் கட்டு."

"நான் கட்டிக்கிறேன் அண்ணாத்த," என்றாள் அவள். "நீ மட்டும் கட்டாத."